மாரடைப்புக்குப் பிறகு எத்தனை நிமிடம் நடப்பது?

(திண்டிவனத்தில் பொதுமக்களுக்காக நடந்த ஒரு மருத்துவக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெஞ்சு வலி வந்தால் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டினால் முண்டியம்பாக்கம், விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புதுச்சேரிச் சாலையைப் பிடித்தால் ஜிப்மர். பிள்ளைகள் சென்னையில் இருக்கிறவர்கள் செங்கல்பட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 108 வண்டி 2008இல் வந்தது, அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2009இல் வந்தது, முண்டியம்பாக்கம் கல்லூரி 2010இல் வந்தது. அதற்கு முன்னால் இந்த வட்டாரத்தில் மாரடைப்பு வந்தவர்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் வயதானவர்களுக்கு நினைவிருக்கும்.

2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை டாக்டர் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று நடத்தியது. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு கோத்தார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சின்ன ஊரிலேயே போட்டு, ஆஞ்சியோவுக்குப் பெரிய ஊருக்கு அனுப்பினார்கள். 2,420 நோயாளிகளின் கணக்கைப் பார்த்தபோது, ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல். 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆக, மாரடைப்பு வந்தவரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை தேறிக்கொண்டு வருகிறது.

நான் பேச வந்தது போகிற பயணத்தைப் பற்றி அல்ல, திரும்பி வருகிற பயணத்தைப் பற்றி. ஸ்டென்ட் வைத்து நாலைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கையில் மாத்திரைப் பை, டிஸ்சார்ஜ் சீட்டு. சீட்டில் எந்த மாத்திரை காலை, எது இரவு, எத்தனை மில்லிகிராம் என்று வரி வரியாக இருக்கும். கடைசியில் ‘உப்பைக் குறைக்கவும், நடைப்பயிற்சி செய்யவும்’ என்று ஒரு வரி. எத்தனை நிமிடம், எந்த வேகத்தில், எப்போது நிறுத்துவது? இருக்காது. ஆஸ்பிரினுக்கு அளவு எழுதுகிற மருத்துவர்களான நாங்கள் நடைக்கு அளவு எழுதுவதில்லை. அளவு இல்லாத மருந்தை யார் எடுத்துக்கொள்வார்கள்?

அதனால் வீட்டில் என்ன நடக்கிறது? கூடத்தில் ஒரு கட்டில் போடுகிறார்கள். “அப்பா, அலுங்காம இருங்க” என்று மகன் சொல்கிறான். தண்ணீர் எடுக்க எழுந்தால் மருமகள் ஓடி வருகிறாள். பார்க்க வருகிற உறவுக்காரர்கள் சாத்துக்குடியோடு ஒரு கதையையும் கொண்டுவருகிறார்கள்: அவர்கள் ஊரில் ஒருத்தர் இப்படித்தான் ஸ்டென்ட் வைத்து வந்தார், மாடி ஏறினார், அன்றைக்கே போய்விட்டார். அந்த ஒரு கதை போதும். கட்டிலில் படுத்தவர் மூன்று மாதத்துக்கு எழுந்திருக்க மாட்டார். அன்பினால் செய்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டில் இரண்டாவது நோய்.

இந்தப் பயத்தைக் கிராமத்து அறியாமை என்று யாரும் நினைக்க வேண்டாம். மருத்துவர்கள்தான் இதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1912இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹெரிக் என்பவர் இதய ரத்தக் குழாய் அடைப்பைத் தெளிவாக விவரித்தார். முழுப் படுக்கை ஓய்வு வேண்டும் என்றார். இறந்தவர்களின் இதயங்களை ஆராய்ந்து, புண் கெட்டியான தழும்பாக மாற ஆறு வாரத்துக்கு மேல் ஆகிறது என்று 1939இல் கண்டார்கள். அப்படியானால் ஆறு வாரம் படுக்கட்டும் என்று முடிவு கட்டினார்கள். சோற்றைக்கூடத் தாதிதான் ஊட்டுவாள். படுத்தே கிடந்ததால் காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்கு ஏறிச் செத்தவர்கள் உண்டு. 1952இல் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லவுன் இருவரும் 81 நோயாளிகளை முதல் நாட்களிலேயே சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெறும் உட்காருவதுதான். அதற்கே கூட வேலை செய்த மருத்துவர்கள் கொதித்தார்கள் என்று லவுன் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1955இல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைப் பார்த்த டாக்டர் பால் டட்லி ஒயிட், அதிபரைப் படிப்படியாக நடக்கவிட்டார். அவர் மறுபடியும் கோல்ஃப் ஆடினார், அடுத்த வருடம் தேர்தலிலும் ஜெயித்தார். பத்திரிகை படித்த உலகம் முழுவதும் அதைக் கவனித்தது.

படுக்கை உடம்பை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 1966இல் டல்லஸ் நகரில் இருபது வயது வாலிபர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். நோய் ஒன்றும் இல்லாத பையன்கள். எழுந்தபோது அவர்களுடைய உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை, ஐம்பது வயதில், மறுபடி அளந்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் பெரிது. நம் வீட்டுக் கூடத்தில் படுத்திருப்பவருக்கு வயது ஐம்பத்தைந்து, சுகர் வேறு. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கை இப்படி என்றால், அசைவு என்ன செய்யும்? விழுப்புரம் பேருந்து ஊர். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத்துக்கு அதுதான் தலைமையிடம். தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்று பழைய பெயரைச் சொன்னால் இன்னும் சிலருக்கு முகம் மலரும். இந்தக் கூட்டத்திலும் டிரைவர், கண்டக்டர் குடும்பங்கள் இருக்கக்கூடும். உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் எண்ணிக் காட்டிய ஆராய்ச்சி பேருந்துக்காரர்களை வைத்துத்தான் நடந்தது. லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் பதிவேடுகளைப் புரட்டி, 1953இல் முடிவை வெளியிட்டார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். இரண்டடுக்குப் பேருந்தின் கண்டக்டர் ஒரு நாளில் 500, 600 படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. வந்தாலும் உடனே சாவது குறைவாக இருந்தது. மாரிஸ் அதோடு விடவில்லை. சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்புச் சுற்று வேலையில் சேரும்போதே பெரிதாக இருந்தது. ஆகவே எல்லாப் பெருமையும் படிக்கட்டுக்குப் போகாது என்று அவரே 1956இல் எழுதினார். தன் கண்டுபிடிப்பைத் தானே சந்தேகப்பட்ட மனிதர். 99 வயது வரை வாழ்ந்தார்.

சரி, அட்டாக் வந்துபோன இதயத்துக்கு நடை என்ன செய்கிறது? இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். என் அறைக்கு வருகிறவர்கள் எக்கோ தாளை நீட்டிக் கேட்கிற முதல் கேள்வி, “சார், பம்பிங் நாப்பதுன்னு போட்டிருக்கு, நடந்தா ஏறுமா?”

நேர்மையான பதில்: கொஞ்சம் ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம். செத்துப்போன இதயத் தசை திரும்ப முளைக்காது. இதயச் செல்கள் புதிதாகப் பிறப்பது இளம் வயதிலேயே வருடத்துக்கு ஒரு சதவீதம்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பு வந்த இடம் தழும்பாகிவிடும். தழும்பு தசையைப்போலச் சுருங்கி விரியாது. ரத்த அழுத்தம் உள்ளிருந்து தள்ளத் தள்ள, சைக்கிள் டியூபில் நைந்த இடம் புடைப்பதுபோல அந்தச் சுவர் மெல்லப் புடைக்கப் பார்க்கும். இதயம் பெரிதாகி, பலம் குறையும். மாத்திரைகள் இதைத் தடுக்கத்தான் தரப்படுகின்றன. அளவான பயிற்சியும் இதைத் தடுக்கிறது என்பதுதான் கடந்த முப்பது வருட ஆராய்ச்சிகளில் வந்த நல்ல செய்தி. பயிற்சி செய்தால் நைந்த இதயம் இன்னும் நைந்துபோகும் என்று பயந்தார்கள். நேர்மாறாக இருந்தது. 2011இல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நிலைமை சீரானவர்களுக்கு மாரடைப்பு வந்து ஒரு வாரத்திலேயே பயிற்சி தொடங்கினால் பலன் அதிகம், தள்ளிப்போடப் போட அதே பலனுக்குக் கூடுதல் மாதங்கள் உழைக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

ஆனால் பெரிய மாற்றம் நடப்பது இதயத்தில் அல்ல, காலில். பம்பிங் நாற்பது என்று ஒரே எக்கோ தாள் வைத்திருக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ரயில் நிலைய மேம்பாலத்தை மூச்சு வாங்காமல் கடக்கிறார். இன்னொருவர் குளியலறைக்குப் போய் வந்தாலே உட்கார்ந்துவிடுகிறார். வித்தியாசம் பெரும்பாலும் தொடைத் தசையில் இருக்கிறது. பழகிய தசை, வருகிற ரத்தத்திலிருந்து அதிக ஆக்சிஜனைப் பிழிந்து எடுத்துக்கொள்ளும். அதனால் அதே வேலைக்கு இதயம் குறைவாக அடித்தால் போதும். நாடித்துடிப்பும் அழுத்தமும் தாழ்ந்தே இருக்கும், இதயத்துக்குச் செலவு குறையும். முன்பு நூறு தப்படியில் வந்த நெஞ்சு இறுக்கம் முந்நூறு தப்படியில் வரும், பிறகு வராமலும் போகும். ரத்தக் குழாயின் உட்சுவரும் மாறுகிறது. ஓட்டம் வேகமாக உரசும்போது அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரிக்கிறது. ஜெர்மனியில் ஹாம்பிரெக்ட் என்பவரின் குழு நாலே வாரப் பயிற்சியில் இதை இதயக் குழாய்க்குள்ளேயே அளந்து, 2000இல் வெளியிட்டது. 2002இல் 6,213 ஆண்களைத் தொடர்ந்து பார்த்த இன்னொரு ஆய்வு, டிரெட்மில்லில் ஒருவர் எவ்வளவு தாங்குகிறார் என்பது அவருடைய ஆயுளை மற்ற எல்லாக் காரணங்களையும்விட நன்றாகச் சொல்கிறது என்று கண்டது. எக்கோ தாளை மட்டும் பார்த்து மனம் ஒடிந்து போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

உயிர் பிழைக்கிறார்களா? 85 ஆய்வுகள், 23,430 நோயாளிகள் அடங்கிய தொகுப்பு 2021இல் வந்தது. பயிற்சியோடு கூடிய மறுவாழ்வுச் சிகிச்சையில் இதயத்தால் வரும் சாவும், மறு மாரடைப்பும், மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் குறைந்திருந்தன. அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி பணக்கார நாடுகளில் நடந்தவை. இந்தியாவில் டாக்டர் துரைராஜ் பிரபாகரன் தலைமையில் 24 மருத்துவமனைகளில், 3,959 மாரடைப்பு நோயாளிகளிடம் யோகாவை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. 2020இல் வெளியானது. யோகா செய்தவர்களில் 6.7 சதவீதம் பேருக்கும், செய்யாதவர்களில் 7.4 சதவீதம் பேருக்கும் சாவோ, மறு அட்டாக்கோ, அதுபோன்ற பெரிய பாதிப்போ வந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், யோகா உயிரைக் காத்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் யோகா செய்தவர்கள் பழைய வேலைக்குத் திரும்புவது அதிகமாக இருந்தது, உடம்பு தேறிய உணர்வும் கூடுதலாக இருந்தது. யோகா வகுப்புக்காரர்கள் முதல் பாதியைச் சொல்வதில்லை. யோகாவைக் கேலி செய்கிறவர்கள் இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

இனி அளவு. இதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் மருத்துவரிடம் காட்டி அவர் சரி என்ற பிறகே தொடங்குங்கள், ஏனென்றால் ஒருவருக்கு மூன்று குழாயில் அடைப்பு இருக்கும், ஒருவருக்குத் துடிப்பு தப்பும். சிக்கல் இல்லாதவர் வீட்டுக்கு வந்த முதல் வாரம், சமதரையில் ஐந்து நிமிடம், ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. வாரத்துக்கு வாரம் சில நிமிடம் கூட்டிக்கொண்டு போய், ஆறு வாரத்தில் ஒரே மூச்சில் அரை மணி நேரம். பிறகு வாரத்தில் ஐந்து நாள் என்று, ஆயுள் முழுக்க. வேகத்துக்கு ஒரு சோதனை: நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். பாட்டே வருகிறது என்றால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடலாம். செல்போனில் வருகிற ‘220இலிருந்து வயதைக் கழி’ கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை துடிப்பை அடக்கி வைத்திருக்கும், அந்த எண்ணை எட்ட முயன்றால் விழுந்துவிடுவீர்கள். தொடங்கும்போது ஐந்து நிமிடம் மெதுவாக, முடிக்கும்போதும் ஐந்து நிமிடம் மெதுவாக. சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும்.

சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு நடங்கள். சித்திரை வைகாசியில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நம் ஊர் வெயிலில் அழுத்தம் சட்டென்று இறங்கும். நெடுஞ்சாலை ஓரம் வேண்டவே வேண்டாம். விழுப்புரத்தில் ஆட்சியர் அலுவலகப் பெருந்திட்ட வளாகத்துப் பக்கம் நடக்கிறார்கள், நல்ல இடம். இங்கே திந்திரிணீஸ்வரர் கோயில் பிராகாரம் இருக்கிறது, ஆனால் சுகர் உள்ளவர்களுக்கு வெறுங்காலோடு கல்தரையில் நடப்பதை நான் சொல்ல மாட்டேன். நெஞ்சு இறுகினால், தாடை அல்லது இடது கை வலித்தால், கண் இருட்டினால் உட்காருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை வையுங்கள், ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் 108. படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடிவிட்டது, கால் வீங்குகிறது என்றால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இதுவரை நான் ‘அவர்’ என்று சொன்னபோதெல்லாம் உங்கள் மனதில் ஓர் ஆண்தான் வந்திருப்பார். பெண்ணுக்கு நடப்பது வேறு. அவளுக்குக் கட்டில் போடுவதில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த அன்று சாயங்காலமே அடுப்படிக்குப் போகிறாள். மூன்றாம் நாள் குடத்தைத் தூக்குகிறாள். “எங்கம்மா சும்மாவே இருக்க மாட்டாங்க டாக்டர், நல்லா வேலை செய்றாங்க” என்று மகன் பெருமையாகச் சொல்கிறான். குடத்தையும் மாவுச் சட்டியையும் மூச்சைப் பிடித்துத் தூக்குவது அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றும் வேலை. முதல் வாரங்களில் அது கூடாது. அவளுக்கு வேண்டிய அரை மணி நேர ஒரே சீரான நடை கிடைப்பதே இல்லை. வேலை இல்லாத நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் வேகமாக நடந்தால், எங்கே போகிறாய் என்று நான்கு பேர் கேட்பார்கள். ஆண் ஓய்வில் கெடுகிறான், பெண் வேலையில் கெடுகிறாள். அவள் நடக்கிற அரை மணி நேரம் வீட்டில் வேறு யாராவது அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவச் சீட்டில் இதை எழுத இடமில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

கரும்பு வெட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர் நிலைமையும் இதற்குப் பக்கத்தில்தான். “தினமும் கழனியில உழைக்கிறேன், எனக்கெதுக்கு வாக்கிங்?” என்கிறார்கள். உழைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் சோறு யார் போடுவது? கழனி வேலைக்குத் திரும்புவதற்கான ஏணிதான் நடை. அரை மணி நேரம் எட்டி நடக்கத் தாங்காத உடம்பை வெயிலில் கரும்புக் கட்டுக்கு அடியில் நிறுத்தக்கூடாது. பைபாஸ் ஆனவர்கள் நெஞ்செலும்பு கூடும்வரை, எட்டு வாரம்போல, பாரம் தூக்குவதும் டிராக்டர், டூவீலர் ஓட்டுவதும் வேண்டாம்.

எதிர்த் திசையில் போகிறவர்களும் உண்டு. நவம்பர் 2023இல் அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. நல்ல திட்டம். ஸ்டென்ட் வைத்த சிலர் அடுத்த மாதமே அந்த எட்டையும் முடித்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள், அது நல்லதல்ல. மாரடைப்பிலிருந்து மீண்ட 2,377 பேரைத் தொடர்ந்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2014இல் வந்தது. நடக்க நடக்க, ஓட ஓடச் சாவு குறைந்துகொண்டே போனது, வாரத்துக்குச் சுமார் 48 கிலோமீட்டர் ஓட்டம், 74 கிலோமீட்டர் நடை வரை. அதற்கு மேல் போனவர்களிடம் அந்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தக் கவலை இல்லை, நமக்குக் கட்டில்தான் கவலை.

யார் பக்கத்தில் நின்று பார்ப்பது? இதய மறுவாழ்வுக்கென்று தனிப் பிரிவு பெரிய நகரத்து மருத்துவமனைகளில்தான் பெரும்பாலும் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் சென்னைக்குப் போய் நடந்துவிட்டு வா என்று யாரிடம் சொல்வது? ஆனால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே வருகிறது. அதில் பிசியோதெரபி உண்டு. வாதம் வந்தவர்களின் கையையும் காலையும் அசைத்துப் பழக்குகிற அதே பிசியோதெரபிஸ்ட், மாரடைப்பு வந்தவரின் முதல் ஆறு வார நடையையும் பார்த்துக்கொள்ளலாம். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்று அளப்பதற்கு ஓர் அளவுநாடாவும் கடிகாரமும் போதும். முதல் வாரம் ஒருமுறை, ஆறாம் வாரம் ஒருமுறை. அந்த இரண்டு எண்களும் எக்கோ தாளோடு சேர்ந்து நோயாளியின் கோப்பில் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. நீங்களும் டிஸ்சார்ஜ் ஆகிற அன்று, மாத்திரையைப் பற்றிக் கேட்கிற மாதிரியே, “எத்தனை நிமிடம் நடக்கணும், எழுதிக் கொடுங்க” என்று கேளுங்கள். கேட்டால் எழுதுவார்கள்.

நீங்கள் சீட்டில் எழுதித் தந்த கேள்விகள் சிலவற்றுக்கு மட்டும் பதில் சொல்லி முடிக்கிறேன்.

பெயர் போடாமல் ஒருவர் கேட்டிருக்கிறார், கணவன் மனைவி உறவு எப்போது என்று. இரண்டு மாடிப் படியை நெஞ்சு வலியோ அதிக மூச்சுத் திணறலோ இல்லாமல் ஏற முடிந்தால் பொதுவாகத் தடை இல்லை. ஆனால் நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் ஆண்மைக்கு என்று விற்கிற மாத்திரைகளைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் அபாயகரமாக இறங்கும்.

அடுத்தவர், பயிற்சியின்போதே அட்டாக் வந்துவிட்டால் என்று கேட்கிறார். மேற்பார்வையில் நடந்த பயிற்சிகளைப் பிரான்சில் எண்ணிப் பார்த்தார்கள். ஏறத்தாழ ஐம்பதாயிரம் மணி நேரப் பயிற்சிக்கு ஒரு பெரிய இதயப் பாதிப்பு. கட்டிலுக்கு அப்படி யாரும் கணக்கு எடுத்ததில்லை.

கடைசிச் சீட்டு. ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகிறது, பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலை ஏறலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அரை மணி நேரம் நடக்கப் பழகியிருந்து, டிரெட்மில் சோதனையும் நன்றாக இருந்து, மருத்துவரும் சரி என்றால், விடிவதற்கு முன்பே போய், நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுங்கள், துணைக்கு ஆள் இருக்கட்டும், சட்டைப்பையில் மாத்திரை இருக்கட்டும். காவடி எடுப்பதாக வேண்டுதல் இருந்தால் அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.